ஆடாத ஆட்டத்தின் புத்தகங்கள்

ஜனக்புரியில், பங்கா ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவொன்றில் எனக்கு வேண்டப்பட்ட குடும்பம் ஒன்று இருக்கிறது. கணவனும் மனைவியும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக தில்லி வந்து நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. மகன் இங்கேயே பிறந்தவன். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஜனக்புரி பள்ளியில் படித்தான். இப்போது குருகிராமில் வேலை. போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அங்கே போயிருந்தபோது அவன் அறையில் ஓர் அலமாரியைப் பார்த்தேன். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை ஒரே உயரத்தில் கெட்டி அட்டைப் புத்தகங்கள். முதுகெல்லாம் டிராகன்களும் கோட்டைகளும் கப்பல்களும். எண்ணினேன். 34 இருந்தன.

"இதெல்லாம் படிக்கிறதுக்கா, ஆடுறதுக்கா?" என்று கேட்டேன்.

"ஆடுறதுக்குத்தான் மாமா. ஆனா ஆடினது நாலோ அஞ்சோதான்."

காபியோடு வந்த அவன் அம்மா, "நீங்களே கேளுங்க. ஒவ்வொண்ணும் மூவாயிரம், நாலாயிரம். வாங்கி அடுக்குறதோட சரி. தூசி தட்டுறது நான்" என்றார்.

அவன் பதில் சொல்லவில்லை. நான் அலமாரியிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்தேன். ஒன்று ஆட்டத்தின் அடிப்படை விதிநூல். தையல் விட்டு, ஓரங்கள் கறுத்து, நடுப்பக்கத்தில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம் காய்ந்திருந்தது. இன்னொன்று ஒருமுறைகூட ஆட்டத்துக்குப் போகாதது என்றான். தாள் மொடமொடப்பாக இருந்தது, அச்சு மை வாசனையும் போகவில்லை. ஆனால் புரட்டிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்பு. ஆற்றங்கரை ஊர் ஒன்றின் வரைபடத்தில், படகுத்துறைக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் தமிழில் எழுதியிருந்தான்: 'படகோட்டிக்குக் குரல் கிடையாது.'

ஆடாத புத்தகத்தை இவ்வளவு உன்னிப்பாக எதற்குப் படித்தான்? அந்தக் கேள்வியின் பின்னாலேயே போனபோது பகடையின் கணக்கும் மூளையின் வேலையும் எலிகளின் சோதனையும் வழியில் வந்தன.

பலகை இல்லாத ஆட்டம்

இந்த ஆட்டம் அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துபவர். ஆடுகிறவர்கள் அவரை டி.எம். என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாவார்கள்: ஒருத்தி வில்லாளி, ஒருவன் மந்திரவாதி, இன்னொருவன் திருடன். "குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளிருந்து ஈரக் காற்று வருகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று டி.எம். கேட்பார். அவரவர் தம் பாத்திரம் செய்வதைச் சொல்ல வேண்டும். பலன் சந்தேகமாக இருக்கும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். வெட்டுவதற்குக் காய் இல்லை, முடிவில் இவர் ஜெயித்தார் என்ற அறிவிப்பும் இல்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு கதையைக் கட்டுவதுதான் ஆட்டம்.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் மூன்று மெல்லிய புத்தகங்களை ஒரு பெட்டியில் வைத்து வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகையின் முதல் ஆட்டம்.  ஆடுகிறவர்கள் அந்தப் பெட்டியோடு நிறுத்திக்கொள்வதில்லை. கடலுக்கு ஒரு புத்தகம், பாலைவனத்துக்கு ஒன்று, தெய்வங்களுக்கு ஒன்று, பிசாசுகளுக்கு ஒன்று என்று துணைநூல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றைத்தான் சோர்ஸ்புக் என்கிறார்கள். அவற்றில் முடிந்த கதை இருக்காது, கதைக்கு வேண்டியது இருக்கும்: ஊரின் வரைபடம், சந்தையின் விலை, சத்திரக்காரியின் ரகசியம், காட்டில் இரவில் கேட்கும் ஒலி.

1977-இல் வந்த பூத நூலில் 350-க்கும் மேற்பட்ட ஜந்துக்கள் இருந்தன. அவற்றில் ஒன்று நம் ராட்சசன். படத்தில் அவனுக்குப் புலித்தலை, உடம்பில் சீமான்கள் வீட்டில் அணியும் அங்கி, கையில் புகைக்குழாய்! இந்த ராட்சசன் வால்மீகியிடமிருந்து நேரே வந்தவன் அல்லன். 1974-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஒரு பேய்த்தொடரிலிருந்து கைகாக்ஸ் எடுத்தார். மந்திரித்த அம்பு பட்டால் ராட்சசன் சாவான் என்ற விதியும் அந்தத் தொடரிலிருந்து வந்ததே. ராவணன் வீணை வாசித்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் புலியைப் பார்க்க வியப்பாக இருக்கும்.

45 ஆண்டுகள் கழித்து, 2022-இல், அதே ஆட்டத்துக்கு 13 சாகசங்கள் கொண்ட ஒரு நூல் வந்தது. பெயர் 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்'. அதில் கொல்கத்தாவில் வளர்ந்த மிமி மண்டல், வங்காளத்து ஆறுகளை மனத்தில் வைத்து சங்கபூமி என்ற நாட்டைப் படைத்தார். நூலை முன்னின்று உருவாக்கியவர்களில் ஒருவர் அஜித் ஜார்ஜ். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏழைக் குழந்தைகளுக்காக நடக்கும் சாந்தி பவன் பள்ளியின் பணியில் ஈடுபட்டவர் அவர். சீமான் அங்கி போட்ட புலியிலிருந்து மூடுபனி படிந்த நம் ஆற்றங்கரை வரைக்கும் இந்த அலமாரி நகர்ந்து வந்திருக்கிறது. பையன் பென்சிலால் குறித்து வைத்திருந்த புத்தகம் இதுதான்.

அக்பரின் 16 பேர்

ஆடுவதைவிட அதிகமாக எழுதி வைப்பது நேற்று வந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபசல் எழுதிய 'ஆயின்-இ-அக்பரி'யில், படைகளும் வரிகளும் யானைகளின் தீனியும் சொல்லப்படும் அதே நூலில், ஆட்டங்களுக்கும் இடம் இருக்கிறது. 12 வகைச் சீட்டுகள், வகைக்கு 12 வீதம் 144 சீட்டுகள் கொண்ட கஞ்சிஃபாவை அவர் விவரிக்கிறார். சண்டல் மண்டல் என்ற ஆட்டத்தையும் விவரிக்கிறார். வட்டமாக அமைந்த களத்தில் 16 பேர் உட்கார்ந்து 64 காய்களை நகர்த்த வேண்டும். பேரரசர் கூப்பிட்டால் 16 பேர் வந்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது புத்தகத்தில் மட்டும் நடக்கும் ஆட்டம்.

மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 19-ஆம் நூற்றாண்டில் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய 'ஸ்ரீதத்துவநிதி' ஒன்பது நிதிகளாகப் பிரிந்த பெரிய நூல். அதில் ஒன்று கௌதுக நிதி, ஆட்டங்களுக்கும் வியப்புகளுக்கும் உரியது. சதுரங்க வகைகள், பலவகைப் பலகைகள், நூற்றுக்கணக்கான சீட்டுகள் கொண்ட கட்டுகள் என்று அவர் வகுத்துக்கொண்டே போனார். ஓர் ஆயுளில் அத்தனையையும் ஆடித் தீர்க்க முடியாது என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஓர் ஆட்டத்தை வகுப்பதிலும், வகுத்ததைப் படித்து மனத்துக்குள் நடத்திப் பார்ப்பதிலும் தனியான ஒரு சுகம் உண்டு. அந்தச் சுகத்தை அறிந்தவர்கள் எழுதிய நூல்கள் இவை.

பகடைப் பையிலிருந்து ஒரு கணக்கு

அலமாரியின் ஓரத்தில் துணிப்பை ஒன்று தொங்கியது. பையன் அதை மேசையில் கவிழ்த்தான். நாம் அறிந்த ஆறு முகப் பகடையோடு நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்டவை உருண்டு வந்தன. இந்த ஐந்தும் சேர்ந்து ஒரு குடும்பம். ஒரே அளவான, பக்கங்களும் கோணங்களும் சமமான தட்டைகளை மூலைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்படி ஒட்டி, குவிந்த திண்மம் செய்தால் இந்த ஐந்து மட்டுமே வரும். ஆறாவது கிடையாது.

காரணம் எளிது. ஒரு மூலையில் குறைந்தது மூன்று தட்டைகளாவது கூட வேண்டும். அங்கே கூடும் கோணங்களின் மொத்தம் 360 பாகைக்குக் கீழே இருந்தால்தான் மூலை எழும்பும். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60. மூன்று, நான்கு, ஐந்து கூடலாம், அதிலிருந்து நான்கு முகமும் எட்டு முகமும் இருபது முகமும் வருகின்றன. சதுரத்தின் கோணம் 90. மூன்று மட்டும் கூடும், அது ஆறு முகம். ஐங்கோணத்துக்கு 108, மூன்று மட்டும், அது பன்னிரண்டு முகம். அறுகோணத்தில் மூன்று கூடினாலே 360 ஆகிவிடுகிறது. மூலை எழும்பாமல் தேன்கூடு போலத் தரையோடு படுத்துவிடும். பையில் பத்து முகப் பகடையும் ஒன்று இருந்தது. அதன் முகங்கள் பட்டம் போன்றவை என்பதால் அது இந்தக் குடும்பத்தில் சேராது.

இருபது முகப் பகடை பழையது. எகிப்தில், கிரேக்க எழுத்துகள் பொறித்த இருபது முகப் பகடைகள் கிடைத்திருக்கின்றன. சிந்துவெளியில் கனசதுரப் பகடைகள் கிடைத்தன. கீழடியில் தந்தத்தில் செய்த பகடை கிடைத்தது. எறிந்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது மனிதர்களுக்கு நெடுங்காலப் பழக்கம்.

இனி கணக்குக்கு வருவோம். நம் வீட்டுத் தாயக்கட்டையிலிருந்தே தொடங்கலாம். இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்று நான்கு பக்கம். நாலும் நாலும் பெருக்கினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் விழுவது இரண்டே விதத்தில்: ஒன்றில் 1, மற்றதில் 0. அதாவது எட்டுக்கு ஒன்று. மூன்று விழ நான்கு விதம் உண்டு. தாயத்துக்கு நாம் தவம் கிடப்பதும், மூன்று வேண்டாதபோதெல்லாம் வந்து நிற்பதும் இதனால்தான். கட்டைகளைக் கூட்டும்போது நடு எண்களுக்கு வழிகள் அதிகம், ஓர எண்களுக்கு வழிகள் குறைவு.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய விதிப்படி ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு குணங்கள்: வலிமை, புத்தி, விவேகம், சுறுசுறுப்பு, உடலுறுதி, வசீகரம். ஒவ்வொன்றுக்கும் ஆறு முகப் பகடை மூன்றை எறிந்து கூட்ட வேண்டும். மூன்று பகடைகள் 216 விதமாக விழலாம். 18 வருவது ஒரே விதத்தில். 10 வருவது 27 விதத்தில். ஆகவே பெரும்பாலோர் நம்மைப் போன்ற நடுத்தரங்களாகவும், எப்போதோ ஒருவர் பீமனாகவும் பிறப்பார்கள். ஆறு குணமும் 18 ஆகப் பிறக்கும் வாய்ப்பு, கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் எண்ணைவிடச் சற்றுப் பெரிய எண்ணில் ஒன்று.

மொத்தம் எத்தனை விதமான ஆட்கள் பிறக்கலாம்? ஒரு குணத்துக்கு 3 முதல் 18 வரை 16 மதிப்புகள். ஆறு குணத்துக்கு 16-ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். விடை 1,67,77,216. இந்த எண்ணை எங்கேயோ பார்த்தது போலிருந்தது. தேடிப் பார்த்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தில்லியின் மக்கள்தொகை 1,67,87,941! ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இல்லாதபடி தில்லிவாசிகள் எல்லாருக்கும் ஒவ்வொரு பாத்திரத்தைப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தால், கடைசியில் 10,725 பேர் மட்டும் கையை ஏந்திக்கொண்டு நிற்பார்கள். ரோகிணியில் ஒருவர், சாந்தினி சௌக்கில் ஒருவர், ஜனக்புரி வெஸ்ட் மெட்ரோ நிலையத்தில் இறங்கும் ஒவ்வொருவரும் வேறு வேறு. பெயரும் தொழிலும் ஊரும் சேர்க்காமல், வெறும் ஆறு எண்களிலிருந்து மட்டும் இத்தனை பேர். விதிநூலில் இதற்கு ஆகும் இடம் ஒரு பக்கம்கூட இல்லை.

சோர்ஸ்புக்குகளில் அட்டவணைகள் உண்டு. இடம் இருபது, எதிரி இருபது, பகைக்குக் காரணம் இருபது என்று மூன்று பட்டியல் போட்டால் மூன்று பக்கத்தில் அடங்கும். இருபது முகப் பகடையை மூன்று முறை எறிந்தால் ஒரு சாகசத்தின் விதை கிடைக்கும். மொத்தம் 8,000 விதைகள். வாரத்துக்கு ஒன்று ஆடினால்கூட எல்லாவற்றையும் ஆடித் தீர்க்க 153 ஆண்டுகள் ஆகும். மூன்று பக்கத்துக்கே இந்தக் கதி. அலமாரியில் 34 புத்தகங்கள் இருந்தன.

அவன் அம்மாவின் ஆதங்கத்துக்கு இந்தக் கணக்கில் ஒரு பதில் கிடைத்தது. சோர்ஸ்புக்கை நாவலைப் போல முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை செலவழிக்க முடியாது. அகராதியில் இருக்கும் சொற்களையெல்லாம் பேசித் தீர்த்தவர் யாரும் இல்லை. அதற்காக அகராதி வாங்கியது வீண் என்று யாரும் சொல்வதில்லை. ஆடாமல் மிஞ்சும் பக்கம் ஆடிய பக்கத்தைவிட எப்போதும் பல மடங்கு இருக்கும். ஆட்டத்தின் கணக்கே அப்படி.

உலகங்கள் பெருகியபோது

கணக்கு அப்படி இருந்தாலும் கடைக்காரருக்கு வேறு கணக்கு உண்டு. கைகாக்ஸ் தொடங்கிய டி.எஸ்.ஆர். நிறுவனம் 1987-இலிருந்து புதிய உலகங்களை வரிசையாகக் கொண்டுவந்தது. 1989-இல் விண்வெளியில் பாய்மரக் கப்பல்கள் ஓடும் உலகம், 1991-இல் தண்ணீர் வற்றிய பாலை உலகம், 1992-இல் அரபுக் கதைகளின் உலகம், 1994-இல் உலகங்களுக்கு நடுவே கதவுகள் கொண்ட நகரம். எல்லாம் அழகான வேலைப்பாடு. ஆனால் ஒரு குழு ஒரு நேரத்தில் ஓர் உலகத்தில்தான் வாழ முடியும். பாலையில் ஆடுகிறவர்களுக்குக் கப்பல் புத்தகம் எதற்கு? வாங்குகிறவர்கள் உலகத்துக்கு உலகம் பிரிந்து போனார்கள். இதோடு வேறு சுமைகளும் கடன்களும் சேர்ந்துகொள்ள, 1997-இல் அந்த நிறுவனம் விலைபோயிற்று. அந்த உலகங்களின் புத்தகங்களை இன்றும் தேடிப்பிடித்து வாங்கிப் படிக்கிறார்கள். ஆடுகிறவர்களைவிட அதிகமான பேரை ஒரு புத்தகம் இழுக்கிறது என்றால் இழுப்பு எங்கே இருக்கிறது? பகடையில் இல்லை. படிக்கிறவரின் தலைக்குள் தேட வேண்டும்.

மண்டைக்குள் ஒரு மேசை

பொருளியலாளர் ஜார்ஜ் லோவென்ஸ்டைன் 1987-இல் ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார். உங்களுக்குப் பிடித்த திரைநட்சத்திரம் உங்களுக்கு ஒரு முத்தம் தருவார்; இப்போதே வேண்டுமா, சில நாள் கழித்தா, எதற்கு எவ்வளவு பணம் தருவீர்கள்? நல்லது எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது என்று பழைய பொருளியல் சொல்லும். மக்கள் அதிக விலை வைத்ததோ மூன்று நாள் கழித்து வரும் முத்தத்துக்கு. காத்திருக்கும் மூன்று நாளும் அவர்களுக்கு இன்பத்தின் பகுதி. கல்யாணத்தைவிட, பத்திரிகை அடித்து ஊர் ஊராகப் போய்க் கொடுக்கும் நாள்களில் மனம் அதிகமாகத் துள்ளுவதை நாம் அறிவோம். சோர்ஸ்புக் வாங்குகிறவர் 'ஒருநாள் இதை ஆடுவோம்' என்ற அந்தக் காத்திருப்பையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

காத்திருப்பு மட்டும் என்றால் பென்சில் குறிப்பு எதற்கு? செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நிக்கோல் ஸ்பியரும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மூளைப் படக் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்கு ஒரு சிறுவனின் ஒரு நாளை விவரிக்கும் கதையைப் படிக்கத் தந்தார்கள். சிறுவன் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் வரி வந்தபோது, படிப்பவரின் மூளையில் கை அசைவுக்குரிய பகுதிகள் விழித்துக்கொண்டன. அவன் வேறு இடத்துக்குப் போகும் வரி வந்தபோது, இடத்தை அறியும் பகுதிகள் வேலை செய்தன. படித்தவர்கள் அசையாமல் படுத்திருந்தார்கள். அவர்களுடைய மூளை அந்தச் சிறுவனோடு நடந்துகொண்டிருந்தது.

இதைவிட நுட்பமான ஒன்றை லண்டனில் டெமிஸ் ஹசாபிஸும் எலினார் மக்வயரும் 2007-இல் கண்டார்கள். மூளையின் உட்புறம், கடல்குதிரை போல வளைந்த ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி உண்டு. அது கெட்டுப்போனவர்களுக்குப் புதிய நினைவுகள் தங்காது என்பது முன்பே தெரியும். அப்படிப்பட்ட ஐந்து பேரிடம், வெண்மணல் கடற்கரை ஒன்றில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து சொல்லச் சொன்னார்கள். நேற்றைய நினைவு போனால் போகட்டும், கற்பனை செய்வதில் என்ன கஷ்டம் என்று நாம் நினைப்போம். அவர்களில் நால்வருக்கு அது கைகூடவில்லை. வானம் வந்தது, கடற்பறவையின் ஒலி வந்தது, விரலிடுக்கில் மணல் வந்தது. அவை சேர்ந்து ஓர் இடமாகவில்லை. துணுக்குகளைக் கோத்து, உள்ளே நின்று சுற்றிப் பார்க்கக்கூடிய ஓர் இடமாக்கும் வேலையும் அதே ஹிப்போகாம்பஸின் துணையால் நடக்கிறது.

ஆக, நடந்ததை நினைப்பதற்கும் நடக்காததைக் கற்பனை செய்வதற்கும் மூளைக்குப் பட்டறை பெரும்பாலும் ஒன்றே. இந்த ஆய்வைச் செய்த ஹசாபிஸ் இளவயதில் கணினி விளையாட்டுகள் உருவாக்கியவர் என்பதும், செயற்கை நுண்ணறிவின் வழியே புரதங்களின் வடிவத்தைக் கணித்ததற்காக 2024-இல் வேதியியல் நோபலில் பங்கு பெற்றவர் என்பதும் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகின்றன. கற்பனை உலகங்களைக் கட்டியவர், கற்பனை எங்கே கட்டப்படுகிறது என்று தேடிப் போயிருக்கிறார்.

சோர்ஸ்புக்கை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். நாவலாசிரியர் ஓர் இடத்தை நமக்காகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார். சோர்ஸ்புக் துணுக்குகளாகக் கொடுக்கிறது: இங்கே கிணறு, அங்கே கோயில், கோயில்காரருக்கும் படகுக்காரருக்கும் பழைய பகை. கோக்கிற வேலை படிப்பவருக்கு. மேசையும் நண்பர்களும் இல்லாவிட்டாலும் படிக்கும்போதே ஓர் ஊர் எழுகிறது, அதில் ஆட்கள் நடமாடுகிறார்கள். 'படகோட்டிக்குக் குரல் கிடையாது' என்பது புத்தகத்தில் அச்சாகாத வரி. அதைச் சேர்த்தவன் படித்தவன். அந்தப் பக்கத்தில் அவன் ஏற்கெனவே ஆடியிருக்கிறான்.

எலிகள் சும்மா திரிந்த பத்து நாள்

அப்படிக் கட்டிய ஊர் பயன்படாமலே போய்விடுமா? இதற்கு 1930-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் நடந்த ஒரு சோதனை பதில் வைத்திருக்கிறது. எட்வர்ட் டோல்மனும் ஹான்சிக்கும் 14 திருப்பங்கள் கொண்ட சிக்கலான பாதைக்கூட்டத்தில் எலிகளை ஓடவிட்டார்கள். ஒரு குழுவுக்குப் பாதை முடிவில் முதல் நாளிலிருந்தே தீனி. அவை நாளுக்கு நாள் தவறுகளைக் குறைத்துக்கொண்டு வந்தன. இன்னொரு குழுவுக்குத் தீனியே இல்லை. அவை சும்மா சுற்றித் திரிந்தன. மூன்றாவது குழுவுக்குப் பத்து நாள் தீனி இல்லை, பதினோராம் நாள்தான் வைத்தார்கள். அதுவரை அவையும் எதையும் கற்றதாகத் தெரியவில்லை. கண்ட சந்திலும் நுழைந்து திரும்பின.

பன்னிரண்டாம் நாள் அவற்றின் தவறுகள் சட்டென்று விழுந்தன. முதல் நாளிலிருந்து தீனி பெற்று, பழகிப் பழகித் தேறிய எலிகளோடு அவை சமமாகிவிட்டன. ஒரே இரவில் அவை கற்றிருக்க முடியாது. அந்தப் பத்து நாளும் கற்றுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. சந்துகளும் திருப்பங்களும் தலைக்குள் படமாகச் சேர்ந்திருந்தன. காட்டுவதற்கு ஒரு காரணம் கிடைக்கும் வரை அது வெளியே தெரியவில்லை. டோல்மன் பின்னால் 1948-இல் இதற்கு மனவரைபடம் என்ற கருத்தை முன்வைத்தார். உயிர்கள் பரிசுக்காக மட்டும் கற்பதில்லை, உலவும்போதே கற்கின்றன என்ற எண்ணம் வலுப்பெற இந்த எலிகள் பெரிதும் உதவின.

யாரும் கேட்காத வரை அறிவு இருக்கும் இடம் தெரியாது. பத்தாம் நாள் அந்த எலிகளைப் பார்த்தவர், இவை ஒன்றுக்கும் உதவாமல் திரிகின்றன என்றுதான் எழுதியிருப்பார்.

அன்று மாலை

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை பையனின் நண்பர்கள் நால்வர் வந்தார்கள். இருவர் நீலத் தடத்தில் துவாரகாவிலிருந்து, ஒருத்தி மெஜந்தா தடத்தில் காளிந்தி குஞ்ஜிலிருந்து, ஒருவன் பக்கத்து ப்ளாக்கிலிருந்து நடந்து. சாப்பாட்டு மேசையில் இருந்த ஊறுகாய் ஜாடியை அவன் அம்மா ஓரமாக நகர்த்தி இடம் செய்து கொடுத்தார். இந்தியும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. பையன்தான் டி.எம். மலைக்கோட்டை ஒன்றை அவர்கள் முற்றுகையிடுவதாகக் கதை. மூன்று வாரமாகக் கோட்டையின் அறைகளைக் காகிதத்தில் வரைந்து ஆயத்தம் செய்திருந்தான். நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

காளிந்தி குஞ்ஜிலிருந்து வந்த பெண், கோட்டைக்குப் போக வேண்டாம் என்றாள். அவளுடைய வில்லாளி மலையடிவாரத்தில் ஆற்றின் சத்தத்தைக் கேட்டிருந்தாள். ஆற்றோடு கீழே போய் உதவி தேடுவோம் என்றாள். மற்றவர்களும் சரி என்றார்கள். மூன்று வார வரைபடம் ஒரு நொடியில் வேலையில்லாமல் போயிற்று.

பையன் ஒருமுறை தன் அறைப் பக்கம் பார்த்தான். எழுந்து போகவில்லை. பேசத் தொடங்கினான். பனி படிந்த படித்துறை. படிகளில் யாரோ வைத்துவிட்டுப் போன விளக்குகள். ஒரு படகு. துடுப்பைப் பிடித்தபடி ஒருவன். அந்தப் பெண் கட்டணம் எவ்வளவு என்று கேட்டாள். படகோட்டி பதில் சொல்லவில்லை. எங்கே போகிறது படகு என்று கேட்டாள். அதற்கும் பதில் இல்லை, துடுப்பு மட்டும் தண்ணீரில் இறங்கியது என்றான் பையன். எனக்கு மட்டும் அந்த இடம் தெரிந்திருந்தது. பிற்பகலில்தான் பென்சில் எழுத்தில் பார்த்திருந்தேன்.

புத்தகம் அலமாரியை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் அதன் ஆறு எங்கள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்தது புத்தகத்தில் இல்லை, பென்சில் குறிப்பிலும் இல்லை. அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு, தன் குதிரையின் கழுத்திலிருந்து எடுத்து வைத்திருந்த மணியைப் படகோட்டியின் கையில் கொடுப்பதாகச் சொன்னாள். ஆமென்றால் ஒருமுறை, இல்லையென்றால் இருமுறை ஆட்டட்டும் என்றாள். பையன் சிரித்தான். இப்படி ஒன்றை அவன் எண்ணியதே இல்லை என்று முகமே சொல்லிற்று. தனியாகப் படித்தவன் குரலை எடுத்துக்கொண்டான். சேர்ந்து ஆட வந்தவள் அந்தக் குரலைத் திருப்பிக் கொடுத்தாள். படித்தால் மட்டும் போதும் என்று நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான். தனியே கட்டிய ஊருக்குள் இன்னொருவர் கால் வைக்கும்போதுதான், கட்டியவனுக்கே தெரியாத தெரு ஒன்று திறக்கிறது. அலமாரியில் இப்படி ஒரு புத்தகம் வைத்திருப்பவர்கள் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூப்பிட வேண்டும் என்பது என் ஆசை.

இருபது முகப் பகடை மேசையில் உருண்டது. ஊறுகாய் ஜாடியில் முட்டி நின்றது. 17.

"அவன் மணியை வாங்கிக்கிறான்" என்று பையன் எனக்காகத் தமிழில் சொன்னான். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவன் அம்மா, "அப்புறம்?" என்றார்.